மேற்குக் காற்றுக்கு அரை நாள் விடுப்பு

செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை மீன் இருக்கிறது என்று ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவருக்குத் தெரியாது. மீன்களுக்கும் தெரியாது. ஜிலேபியாருக்குத் தெரியும். அவற்றில் எவை இன்று காலை சாப்பிட்டுவிட்டன, எவை இன்னும் பசியோடு இருக்கின்றன என்பதும் தெரியும். இதை மிகை என்று நினைப்பவர்கள் அம்பத்தூரில் எங்கள் தொழிற்சாலையில் அவரோடு ஒரு வாரம்கூட வேலை பார்க்காதவர்கள்.

பெயரைப் பார்த்து அவரை மிட்டாய்க் கடைக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். ஜிலேபி என்பது உள்ளங்கை அகலத்தில், முதுகில் முள்ளை விரித்துக்கொண்டு, நம் ஏரி குளங்களிலெல்லாம் குடும்பம் குடும்பமாகத் திரியும் மீன். விரால் பிடிப்பவர்கள் அதை மதிக்க மாட்டார்கள். ஜிலேபியார் வேறு எந்த மீனையும் மதிக்க மாட்டார். விரால் தனியாகத் திரிகிற முரட்டு ஆசாமி என்றும், ஜிலேபி நாலு பேரோடு ஒத்துப்போகிற மீன் என்றும் சொல்வார். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் மட்டும் டைம் ஆபீஸ் குமாஸ்தா அதைக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் எல்லாரும் சுற்றுமுற்றும் பார்ப்போம், இது யார் புதிதாக என்று.

நான் டிப்ளமா முடித்த கையோடு அந்தத் தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் அறையில் சேர்ந்தேன். அங்கே முதல் பெண் நான்தான். மைக்ரோமீட்டர், கேஜ், எஃகு டேப், ஒரு நோட்டு; இவை என் ஆயுதங்கள். வரைபடங்களில் பாதி அங்குலத்திலும் பாதி மில்லிமீட்டரிலும் இருந்த காலம் அது. மாற்றிக் கணக்குப் போடுவதில் எனக்கு நல்ல பெயர். இந்த நல்ல பெயர் பின்னால் என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.

ஜிலேபியார் இரும்பை அரைத்துச் சமப்படுத்தும் சர்ஃபேஸ் கிரைண்டரில் வேலை பார்த்தார். வயது ஐம்பதை ஒட்டி, குள்ளமான உருவம், தோளில் எப்போதும் ஒரு துண்டு. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் ஒவ்வொரு கணு குறைவு. பழைய பட்டறை ஒன்றில் பிரஸ் மெஷினுக்குக் கொடுத்துவிட்டு வந்தவை. அவர் அரைத்துக் கொடுத்த பரப்பில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், தப்பு நடந்தால் அவரே வந்து சொல்லிவிடுவார். மற்றவர்கள் குறைபட்ட இரும்புத் துண்டை நல்ல துண்டுகளுக்கு நடுவே ஒளித்து வைத்து, என் கண்ணில் படாமலிருக்க மாங்காடு அம்மனுக்கு வேண்டிக்கொள்வார்கள். இவர் அதைத் தனியாகக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்.

"இன்ஸ்பெக்டரம்மா, இது ரெண்டு பாயிண்டு கொறச்சலா கீது. அளந்து டைம வேஸ்ட் பண்ணாத, ஓரமா போட்டுடு."

அளந்து பார்ப்பேன். இரண்டு பாயிண்டு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குதான் குறைந்திருக்கும்.

பொய் சொல்லத் தெரியாத மனிதர்கள் உலகத்தில் சிலர் இருக்கலாம். விடுப்புக் கடிதத்திலும் பொய் எழுதத் தெரியாத மனிதர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். எங்கள் தொழிற்சாலையில் விடுப்புக்கு அங்கீகாரம் பெற்ற காரணங்கள் மூன்று: காய்ச்சல், கல்யாணம், சாவு. ஃபோர்மன் மாசிலாமணியின் மாமியார் ஒரே வருஷத்தில் மூன்று முறை காலமானார். நாலாவது முறை காலமாகியிருந்த அன்று மத்தியானம், மருமகன் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு அவரே கேட்டில் வந்து நின்றார். அப்படிப்பட்ட இடத்தில் ஜிலேபியார் இப்படி எழுதிக் கொடுப்பார்:

'மதிப்பிற்குரிய ஐயா, இன்று மேற்குக் காற்று. ஏரியில் தண்ணீர் இரண்டு சாண் இறங்கித் தெளிந்திருக்கிறது. மீன் கரைக்கு வந்துவிட்டது. ஆகவே காலை அரை நாள் விடுப்பு தேவை.'

இதில் இன்னொரு விஷயம். அவர் வீடு பருத்திப்பட்டில். தொழிற்சாலை அங்கிருந்து கிழக்கே. ஏரி தெற்கே, பூந்தமல்லியைத் தாண்டி. கடிதம் கொடுப்பதற்காக மட்டும் காலையில் சைக்கிளை மிதித்து அம்பத்தூர் வருவார். கேட்டில் நின்று துண்டின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக் காற்றைப் பார்ப்பார். துண்டு கிழக்கே பறந்தால் காவலாளியிடம் கடிதம் போகும், சைக்கிள் வந்த வழியே திரும்பும். துண்டு வேறு பக்கம் பறந்தால் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே வந்து கிரைண்டரைப் போட்டுவிடுவார். வீட்டிலேயே துண்டைத் தூக்கிப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். லீவு கேக்காம ஏரிக்குப் போவது எப்படி, இன்ஸ்பெக்டரம்மா, என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

பருத்திப்பட்டில் வீட்டு வாசலிலேயே ஓர் ஏரி இருக்கிறதே, அங்கே பிடிக்கலாமே என்றும் கேட்டுப் பார்த்தேன். "அது பயகுன மீனு. தெனம் மூஞ்சியப் பாக்குது. மனசு வரல" என்றார்.

பழைய மேனேஜர் இருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அவர் அந்தக் கடிதங்களை ரசிப்பார். மேற்குக் காற்றுக்கு அரை நாள், தண்ணீர் தெளிந்ததற்கு அரை நாள் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்து, மனைவிக்குப் படித்துக் காட்ட ஒரு நகலும் எடுத்துக்கொண்டு போவார் என்று கேள்வி. அவர் ஓய்வு பெற்றார். புதியவர் வந்தார். புதியவர் மோசமானவர் அல்ல. எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்கிறவர். வந்த முதல் வாரமே விடுப்புக் கோப்பை எடுத்துவைத்துக்கொண்டு படித்தார். மாசிலாமணியின் மாமியார் மரணங்களைத் தாண்டிப் போய்விட்டார். மரணம் நம்பத்தக்க காரணம். மேற்குக் காற்றில் நின்றார்.

மறுநாள் ஜிலேபியாருக்கு மெமோ வந்தது. காரணங்கள் பொய்யானவை, நிர்வாகத்தைக் கேலி செய்பவை, ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று பத்து நாளுக்குள் விளக்கம் தரவும்.

மெமோவை அவர் என் அறைக்கு எடுத்துவந்து, அளவெடுக்கும் இரும்பு மேஜையின்மேல் வைத்தார்.

"இத்த கொஞ்சம் அளந்து சொல்லு இன்ஸ்பெக்டரம்மா. எம்மாம் ஆழம்?"

படித்தேன். ஆழம்தான். நான் முகத்தில் எதையும் காட்டாத ஆள். அன்றும் காட்டவில்லை என்றுதான் நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோள் துண்டை எடுத்து மெதுவாக மடிக்கத் தொடங்கினார். அவர் துண்டை மடித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள். அந்த வயதில் வேறு தொழிற்சாலையில் விரல் குறைந்த கிரைண்டர்காரரை யார் எடுப்பார்கள்?

ஃபோர்மன் மாசிலாமணி பின்னாலேயே வந்துவிட்டார். விடுப்புக் கலையில் தேர்ந்தவர் என்பதால் அவருடைய யோசனை தயாராக இருந்தது. இத்தனை நாளும் காய்ச்சல்தான் இருந்தது, வெட்கப்பட்டுக்கொண்டு மீன் என்று எழுதிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டியதுதான்.

"ஜொரம்னு எய்தித் தொல நைனா. மேனேஜர் இன்னா, தர்மாமீட்டரா எடுத்துகினு வரப் போறாரு?"

"ஜொரம் வந்தா ஜொரம்னு எய்தறேன் மேஸ்திரி. காத்து வந்ததுக்கு நான் இன்னாத்துக்கு ஜொரம்னு எய்தணும்?"

மாசிலாமணி தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போனார். எனக்கு அந்த நிமிஷம் ஒரு பெருமை வந்தது. காரணம் சொல்லத் தெரியவில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஓர் உண்மையான பாகம் இருக்கிறது, அது என் மேஜைக்கு வந்திருக்கிறது என்பது போன்ற பெருமை. விளக்கத்தை நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் திட்டம் எளிமையானது. காரணம் பொய்யல்ல என்று காட்ட வேண்டும். அதற்கு, ஏரியில் மீன் எப்போது கடிக்கும், எங்கே கடிக்கும் என்பதற்கு விதி இருக்கிறது என்று காட்ட வேண்டும். விதியை அவரிடமிருந்து வாங்கிப் பட்டியலாகப் போட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நோட்டோடு போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"மீன் எப்போ கடிக்கும் அண்ணே?"

"அதுக்குப் பசிச்சா."

"எப்போ பசிக்கும்?"

"அத்த அதாண்ட தான் கேக்கணும்."

முதல் நாள் நோட்டில் நான் எழுதியது தேதி மட்டும்.

இரண்டாம் நாள் முறையை மாற்றினேன். கேள்வி கேட்காமல், தப்பாக ஏதாவது சொல்வேன். அவர் பொறுக்க மாட்டாமல் திருத்துவார். மழைக்காலத்தில் ஏரி நிறைந்திருக்கும்போது நிறைய மீன் கிடைக்கும் அல்லவா என்றேன். சோற்றைக் கீழே வைத்துவிட்டார். ஏரி நிரம்பிக் கலங்கல் வழியத் தண்ணீர் ஓடும்போது மீன் ஊர் சுற்றப் போயிருக்கும், அப்போது தூண்டில் போடுகிறவன் பூட்டின வீட்டுக் கதவைத் தட்டுகிறவன் என்றார். எழுதிக்கொண்டேன். இப்படியே ஒரு வாரத்தில் பதினொரு விதிகள் தேறின. முக்கியமானவை இவை.

தை, மாசியில் தண்ணீர் தெளிந்திருக்கும், காலையில் குளிர்ந்தும் இருக்கும். விடியலில் போகாதே, மீனும் போர்த்திக்கொண்டுதான் இருக்கும். வெயில் பனைமரத் தலையைத் தாண்டிய பிறகு போ.

மேற்குக் காற்று அடித்தால் அலை கரையில் வந்து மோதும், இரையைத் தள்ளிக்கொண்டு வரும். அப்போது கரை ஓரம் உட்கார். பத்து மணிவாக்கில் கடல் காற்று திரும்பிவிடும். திரும்பியதும் எழுந்துவிடு, அதற்குமேல் உட்கார்வது ஆசை.

ஏரிக்குள் முழுகிக் கிடக்கும் கருவேல மரங்கள்தான் ஜிலேபியின் தெரு. சின்ன மதகிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் மூன்றாவது மரக் கும்பலில் கூட்டம் அதிகம். மரத்தைத் தொட்டும் போடாதே, தள்ளியும் போடாதே. நிழல் விழுகிற விளிம்பில் போடு.

அடியில் பாசி. பாசிக்குள் தூண்டில் முள் போனால் மீன் பார்க்காது. பாசிக்கு மேலே நிற்க வேண்டும். மாசியில் அந்த இடத்துக்குத் தக்கையிலிருந்து முள் வரை மூன்று முழம்.

பங்குனியில் கரையோரம் தட்டுத் தட்டாகக் குழி பறித்துக் குடித்தனம் நடத்தும். தாய் மீன் குஞ்சை வாயில் வைத்திருக்கும், இரை எடுக்காது. தப்பித் தவறி மாட்டினால் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு பிடித்துத் திருப்பி விடு. சித்திரையில் வெயில் ஏறினால் எல்லாம் பெரிய மதகின் ஆழத்துக்குப் போய்விடும். நீ வீட்டுக்குப் போய்விடு.

பட்டியலை அழகாகத் தட்டெழுத்தில் எடுத்தேன். தொழில்நுட்ப ஆவணத்தில் முழம், சாண் என்றெல்லாம் இருந்தால் மரியாதை இருக்காது என்று தோன்றியது. ஒரு முழம் பதினெட்டு அங்குலம், அதாவது நானூற்று ஐம்பத்தேழு மில்லிமீட்டர். மூன்று முழம் ஆயிரத்து முந்நூற்று எழுபத்தொன்று. அப்படியே போட்டேன். அந்த எண்ணைப் பார்த்து எனக்கே திருப்தியாக இருந்தது.

மேனேஜர் பட்டியலை இரண்டு முறை படித்தார். சிரிப்பார் அல்லது கிழிப்பார் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவர் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு கோடு போட்டார்.

"ஒரு முறை சரின்னா அது யார் செஞ்சாலும் வேலை செய்யணும். இல்லையாம்மா?"

ஆமாம் என்றேன். இன்ஸ்பெக்‌ஷன் அறையில் இருப்பவள் வேறென்ன சொல்ல முடியும்?

வரும் ஞாயிற்றுக்கிழமை மேற்குக் காற்று இருந்தால் ஏரிக்கு வருவதாகச் சொன்னார். நிபந்தனைகள் மூன்று. தூண்டில் போடுவது அவரும் நானும் மட்டும். பட்டியலில் உள்ளபடிதான் எல்லாம். ஜிலேபியார் வரலாம், ஆனால் கரைமேல் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது. மீன் கடித்தால் காரணம் உண்மை, மெமோ ரத்து. கடிக்காவிட்டால் கோப்பு முதலாளிக்குப் போகும்.

ஜிலேபியாரிடம் சொன்னேன். வாய் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். பிறகு கேட்டார், பட்டியலில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று. மில்லிமீட்டர் சுத்தமாக இருக்கிறது என்றேன். மில்லிமீட்டர் என்றதும் அவருக்கும் தைரியம் வந்துவிட்டது.

ஞாயிறு காலை அப்பாவிடம் மேனேஜரோடு மீன் பிடிக்கப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். பூந்தமல்லி வரை பஸ், அதற்குமேல் மாசிலாமணி ஏற்பாடு செய்த ஜட்கா வண்டி. காற்று மேற்கிலிருந்துதான் வந்தது. மேனேஜர் தொப்பி, கால்சட்டை, பளபளக்கும் ஷூ எல்லாவற்றோடும் கரையில் காத்திருந்தார். மாசிலாமணி தொழிலாளர் தரப்புச் சாட்சி என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டு, இட்லிப் பொட்டலத்தோடு ஜிலேபியார் பக்கத்தில் கரைமேல் உட்கார்ந்தார்.

வெயில் பனைமரத்தைத் தாண்டியது. மூன்றாவது மரக் கும்பல். நிழல் விளிம்பு. எஃகு டேப்பை விரித்துத் தக்கையிலிருந்து முள் வரை ஆயிரத்து முந்நூற்று எழுபத்தொன்று அளந்து கட்டினேன், இரண்டு தூண்டிலுக்கும். மண்புழுவைக் கோக்கும்போது மேனேஜர் வேறு பக்கம் பார்த்தார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

எட்டரைக்குப் போட்டோம். எட்டே முக்காலுக்குத் தக்கை ஆடவில்லை. ஒன்பதுக்கும் ஆடவில்லை. நாரை ஒன்று எங்களுக்குப் பத்தடி தள்ளி வந்து நின்று ஒரு மீனைப் பிடித்து விழுங்கிவிட்டு, எங்களை ஒரு முறை பார்த்துவிட்டுப் போயிற்று. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். ஒன்பதே கால். தூண்டிலை இழுத்துப் பார்த்தால் முள்ளில் புழு அப்படியே இருந்தது, ஒரு கொத்துப் பச்சைப் பாசியோடு.

கரையைத் திரும்பிப் பார்த்தேன். ஜிலேபியார் துண்டின் முனையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் தக்கைமேல் இருந்தன. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார், தப்பித் தவறிக்கூடச் சைகை ஆகிவிடக் கூடாது என்று. பக்கத்தில் மாசிலாமணி இட்லியை நீட்டினார், அவர் திரும்பவில்லை.

ஒன்பதரை. பட்டியலை முதலிலிருந்து சரிபார்த்தேன். காற்று சரி. நேரம் சரி. இடம் சரி. நிழல் சரி. ஆழம், மூன்று முழம், சரி. முள்ளில் ஏன் பாசி? பாசிக்கு மேலே நிற்க வேண்டிய முள் பாசிக்குள் போயிருக்கிறது. ஆழம் சரியில்லை. மூன்று முழம் சரியில்லை.

வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், அளப்பதற்கு முன் அளவுகோலை அளந்து பார் என்பது. நானூற்று ஐம்பத்தேழு என்பது புத்தகத்தில் இருக்கிற முழம். அவர் முழம் போட்டது எந்தக் கையால்? தினமும் அந்தக் கையிலிருந்து இரும்புத் துண்டுகளை வாங்கிக்கொண்டிருக்கிறேன். அந்த நடுவிரல் எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியாதா?

"சார், அளவுகோலைச் சரிபார்க்கணும்."

"எந்த அளவுகோல்?"

"கரைமேல உட்கார்ந்திருக்கே, அது."

நிபந்தனைப்படி அவர் பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது; அளக்கப்படக் கூடாது என்று இல்லை என்றேன். மேனேஜர் ஒரு கணம் யோசித்தார். அவரும் இன்ஜினியர். சரிபார்க்காத அளவுகோலை வைத்துத் தீர்ப்புச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தலையசைத்தார்.

கரைமேல் ஏறினேன். அவசரப்பட்டு ஓடினால் தவறு வரும் என்பது என் கொள்கை, அன்று ஓடினேன். ஜிலேபியார் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுக்கவே மறுத்தார். எடுத்தால் சைகை ஆகிவிடுமோ என்ற பயம். மாசிலாமணி கையைப் பிடித்து வெளியே இழுத்து, முழங்கையை மடக்கி, விரலை நீட்டிவைத்தார். "இருப்பா நைனா, ஒன்னிய அளக்கத்தான் வந்துகீது" என்று குழந்தைக்கு ஊசி போடுகிறவர் போலச் சமாதானம் சொன்னார். டேப்பை முழங்கையில் வைத்து நடுவிரல் முடியும் இடம் வரை ஓட்டினேன். நானூறு. நானூறு மில்லிமீட்டர், கூடவும் இல்லை குறையவும் இல்லை. புத்தகத்து முழத்தைவிட ஐம்பத்தேழு குறைவு. மூன்று முழத்துக்கு நூற்று எழுபத்தொன்று. அறையில் இரண்டு பாயிண்டுக்கு ஒரு துண்டை ஒதுக்குகிற நான், ஏரியில் ஏறக்குறைய ஒரு சாண் தப்பு விட்டிருந்தேன்.

இறங்கி வந்து இரண்டு தூண்டிலையும் ஆயிரத்து இருநூறாகக் குறைத்துக் கட்டினேன். பத்தாக இருபது நிமிஷம். காற்று லேசாகத் தளர ஆரம்பித்திருந்தது.

மேனேஜரின் தக்கை முதலில் ஒரு தரம் தலையாட்டியது. பிறகு நின்றது. பிறகு யாரோ கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போவதுபோலப் பக்கவாட்டில் நடந்தது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, தொப்பியைக் கழற்றினார். இழுங்கள் சார் என்றேன். இழுத்தார். உள்ளங்கை அகல ஜிலேபி ஒன்று வெயிலில் பளபளத்துக்கொண்டு வந்து அவர் நெஞ்சில் அடித்தது.

அதன் பிறகு நடந்தவற்றை வரிசையாகச் சொல்வது கஷ்டம். என் தக்கை போயிற்று. அவர் தக்கை மறுபடி போயிற்று. அவர் ஷூவோடு முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு, புழு எடும்மா, புழு எடும்மா என்று எனக்கு உத்தரவு போட்டார். முன்பு வேறு பக்கம் பார்த்தவர் கடைசியில் தானே கோத்தார். பத்து மணிக்குக் காற்று திரும்பியபோது கூடையில் ஒன்பது மீன் இருந்தன. இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாமா என்று ஆசையாகக் கேட்டார். பட்டியலின் ஐந்தாவது விதியைக் காட்டினேன். மனமில்லாமல் கரையேறினார்.

தண்ணீர் சொட்டச் சொட்ட ஜிலேபியாருக்கு முன்னால் வந்து நின்று, மேனேஜர் "பேசலாம் நீங்க" என்றார்.

ஜிலேபியார் வாயிலிருந்து துண்டை எடுத்தார். மேனேஜருக்கு நன்றி சொல்லுவார் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். "மொதல்ல ஷூவக் கயட்டு சார், காலு ஊறிப்புடும்" என்றார்.

திரும்பும்போது ஜட்காவில் ஜிலேபியாரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். என் ஒரு எண்ணால் அவர் வேலை போயிருக்கும். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் முதல் முதலில் தூண்டில் கட்டியபோதே ஒரு சாண் அதிகம் என்று கரையிலிருந்தே தெரிந்துவிட்டதாம். தக்கை நின்ற விதத்தைப் பார்த்தே தெரியுமாம்.

"ஒரு மணி நேரமா தெரியுமா? ஒரு இருமலாவது இருமியிருக்கலாமே அண்ணே."

"இருமல் வரலியே" என்றார்.

மாசிலாமணி ஜட்காக் கூரையைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். வேலையும் இரண்டு பெண்களின் கல்யாணமும் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தபோது ஒரு பொய் இருமல் இரும மறுத்த மனிதரோடு ஒரே வண்டியில் போய்க்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பில் பூந்தமல்லி வந்ததே தெரியவில்லை. இன்றுவரை என் வேலை அனுபவம் பற்றி யாராவது கேட்டால் நான் பார்த்த இயந்திரங்களைச் சொல்வதற்கு முன் இவரைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

திங்கட்கிழமை மெமோ ரத்தாகி வந்தது. மேனேஜர் தன் கையாலேயே எழுதியிருந்தார். காகிதத்தை வாங்கிக்கொண்டு ஜிலேபியார் நேராக என் அறைக்கு வந்து மேஜைமேல் வைத்தார்.

"கண்ணாடிய ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டேன். இன்னா எய்திகீறாருன்னு படி."

படித்தேன். 'தொழிலாளி கூறிய காரணங்கள் நேரில் சோதிக்கப்பட்டன. அனைத்தும் உண்மை.'

அவர் கிரைண்டர் பக்கம் திரும்பி இரண்டடி நடந்தார். மறுபடி வந்தார்.

"அந்தக் கடேசி வரிய இன்னொரு தபா படி."

இடுப்பு மடிப்பில் கண்ணாடிக் கூடு துருத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய்யாக அது இருக்க வேண்டும். நான் கண்டுகொள்ளவில்லை. அந்த வரியை இன்னொரு முறை, இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக, படித்தேன்.